இந்த வருஷம் அம்மா சட்டி வைக்க மாட்டாராம்: உங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் வேலையை யார் செய்கிறீர்கள்?

வடசேரிக்காரன்

எங்கள் குடும்பம் நாகர்கோவில், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. நான் சென்னையில் இருக்கிறேன், தம்பி ஓசூரில், தங்கச்சி திருவனந்தபுரத்தில். எல்லாரும் அம்மா வீட்டில் சேருவது கிறிஸ்மஸுக்கு மட்டும்தான். கல்யாணம், சாவு என்று வேறு எதற்கு வந்தாலும் யாராவது ஒருவர் விட்டுப்போவார்.

போன வாரம் அம்மா போனில் சொன்னார்: "இந்த வருஷம் நான் சட்டி வைக்க மாட்டேன். வேணுங்கிறவங்க வந்து சுட்டுக்கிடுங்க." அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. கோபமாகவும் சொல்லவில்லை. பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

எங்கள் வீட்டு நடைமுறை தெரியாதவர்களுக்காக: டிசம்பர் 3-இல் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடியும். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை என்றாலும் ஊர் மொத்தத்துக்கும் அதுதான் கணக்கு. அதற்குப் பிறகு கடைகளில் ஸ்டார் தொங்க ஆரம்பிக்கும், வீட்டில் சிறுபயறு வறுக்க ஆரம்பிப்பார்கள். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கைமுறுக்கு, அதிரசம் எல்லாம் 20-ஆம் தேதிக்குள் டின்னில் ஏறிவிடும். 24 இரவு மசாலா அரைப்பு. 25 விடிவதற்கு முன்பே ஆராதனை. வந்ததும் இட்லி, கோழிக்கறி. மதியம் பிரியாணி. நடுவில் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு. இதில் முக்கால்வாசியை அம்மாவும் இரண்டு சித்திகளும் செய்தார்கள். ஒரு சித்தி இப்போது இல்லை, இன்னொருவர் மகள் வீட்டோடு போய்விட்டார்.

தம்பி, எல்லாவற்றையும் வெளியே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்கிறான். அப்படியென்றால் ஊருக்கு எதற்கு வரவேண்டும் என்கிறாள் தங்கச்சி. என் மனைவி எதுவும் சொல்லவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி?

---

ரயில்பெட்டி

முதலில் டிக்கெட் எடுத்தாயிற்றா? முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். டிசம்பர் 23 வண்டிக்கு அக்டோபர் 24 காலை 8 மணிக்கே உட்கார வேண்டும். அரையாண்டு விடுமுறையும் அதே நேரம் என்பதால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், அனந்தபுரி, நெல்லை, முத்துநகர் எல்லாம் சில நிமிடங்களில் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். ஆம்னி பஸ் கட்டணத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

---

பாளை_மைனி

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். இருபது வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இப்போதாவது சொன்னாரே.

நான் பாளையங்கோட்டை. எங்கள் மாமியார் வீட்டில் நான்கு மருமகள்கள். 24-ஆம் தேதி இரவு பன்னிரண்டு வரை அடுக்களை. இரண்டு மணிக்கு எழுந்து குளித்து, பிள்ளைகளை எழுப்பி, புதுத்துணி போட்டுவிட்டு, ஊசிக்கோபுரம் என்கிற எங்கள் ஆலயத்தில் ஆராதனைக்கு ஓட வேண்டும். பிரசங்கத்தின்போது நான் தூங்காமல் இருந்த வருஷம் எது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. ஆண்கள் எல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்து வந்து, பாடகர் குழு இந்த வருஷம் சுமார் என்று விமர்சனம் செய்வார்கள்.

"எல்லாரும் சேர்ந்து கொண்டாடுகிறோம்" என்று சொல்கிறோமே, அந்த "எல்லாரும்" ஹாலில் இருப்பவர்கள். அடுக்களையில் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

உங்கள் மனைவி எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா விட்ட கரண்டி யார் கைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். முதலில் அவரிடம் கேளுங்கள்.

---

கரும்பலகை

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். சொந்த ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம். 192 அடிக் கோபுரம் உள்ள ஆலயம். சின்ன வயதில் எந்தத் தேரிக்காட்டில் நின்று பார்த்தாலும் அந்தக் கோபுரம் தெரியும்.

மைனி சொல்வதை முழுக்க ஏற்க முடியவில்லை. என் தாயாருக்கு ஏழு பிள்ளைகள். கிறிஸ்மஸ் வாரத்தில் தெருவில் இருக்கும் பெண்கள் எல்லாம் ஒரு நாள் எங்கள் வீட்டில், மறுநாள் அடுத்த வீட்டில் என்று முறைவைத்து முறுக்கு சுற்றுவார்கள். பாட்டும் சிரிப்புமாக இருக்கும். ராத்திரி பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் வைத்து ஒருவர் முன்னே போக, ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருவர், பின்னால் பையன்கள் நாங்கள். வீடு வீடாகப் பாடிப்போனால் கருப்பட்டிக் காப்பியும் ஒரு கை அச்சுமுறுக்கும் கிடைக்கும். அவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் செய்தார்கள். இப்போது எதையும் பாரமாகவே பார்க்கிறோம்.

---

பாளை_மைனி

> அவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் செய்தார்கள்.

சார், நீங்கள் அப்போது கேரல் பாடிக்கொண்டு தெருவில் இருந்தீர்கள். சந்தோஷமாகச் செய்தார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் சரி. தெருப் பெண்கள் முறைவைத்துச் செய்தார்கள் என்றீர்களே, அது பெரிய வித்தியாசம். பத்துக் கை சேர்ந்து செய்த வேலையை இப்போது ஒரு கை செய்கிறது. பலகாரத்தின் எண்ணிக்கையை மட்டும் யாரும் குறைக்கவில்லை.

---

பெரம்பூர்_லோகோ

நான் கிறிஸ்தவன் இல்லை. பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன். பக்கத்து வீடு ஆங்கிலோ இந்தியக் குடும்பம். மைனி சொன்ன கை கணக்கு அங்கே எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

கல்கல் செய்கிற நாள் என்று ஒன்று உண்டு. மைதா, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்துப் பிசைந்த மாவைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு முள்கரண்டி. சின்ன உருண்டையை முள்கரண்டியின் பின்பக்கம் வைத்து அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சங்கு மாதிரி வரும். முள்கரண்டி போதாவிட்டால் புதுச் சீப்பு. என்னையும் உட்கார வைப்பார்கள். இன்ஜின் டிரைவரான அந்த வீட்டு அங்கிளும் டியூட்டி முடிந்து வந்ததும் கை கழுவிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கிலோக் கணக்கில் மாவு, ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. ஒருத்தர் தனியாகச் செய்யவே முடியாது.

கேக்கும் அப்படித்தான். வீட்டில் ஓவன் கிடையாது. பழங்களை ரம்மில் ஊறவைப்பது, மாவு கலப்பது எல்லாம் வீட்டில். பிறகு டின்னில் ஊற்றி, பேர் எழுதிய சீட்டு வைத்து, பேக்கரிக்குத் தூக்கிப்போக வேண்டும். அங்கே விறகு அடுப்பில் டின்னுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சுட்டுக் கொடுப்பார்கள். எங்கள் டின் மாறிப்போய்விடக் கூடாது என்று காவல் இருக்கும் வேலை பையன்களுக்கு. அந்த வேலையை நாங்கள் மிகவும் பொறுப்பாகச் செய்தோம், ஏனென்றால் பேக்கரி வாசலில் உடைந்த பிஸ்கட் கிடைக்கும்.

---

மதுரை_மருமகள்

மதுரையில் பிறந்து பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். நான் இந்து, கணவர் வீடு சி.எஸ்.ஐ. மாற்றச் சொல்லி யாரும் கேட்டதில்லை, நானும் மாறவில்லை.

கல்யாணமான முதல் டிசம்பரில் எனக்கு ஒன்றும் தெரியாது. மார்கழி பிறந்ததும் வழக்கம்போல விடியலில் எழுந்து வாசலில் கோலம் போட்டேன். மேலே இவர்கள் கட்டிய ஸ்டார், கீழே என் கோலம், பூசணிப்பூ. மாமனார் வெளியே வந்து பார்த்துவிட்டு, ஸ்டாரின் வெளிச்சம் கோலத்தில் விழுகிற மாதிரி வயரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார். அன்றிலிருந்து எனக்கு இந்த வீட்டில் பயம் இல்லை.

சொல்ல வந்தது வேறு. எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் பிரியாணியை மாமனார்தான் செய்வார். கொல்லையில் மூன்று கல் வைத்து விறகு அடுப்பு. காலை ஆராதனை முடிந்து வந்து வேட்டியை மடித்துக் கட்டினால், ஒரு மணிக்கு தம் உடைக்கும் வரை பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. வெங்காயம் நறுக்குவது மகன்கள், கறி கழுவுவது என் கணவர். அத்தை ஒருமுறை காலில் அறுவைச் சிகிச்சை செய்து படுத்திருந்தபோது ஆரம்பித்ததாம், அப்படியே நிலைத்துவிட்டது.

ஆக, ஆர்டர் கொடுக்கலாமா வேண்டாமா என்பதற்கு முன்னால், உங்கள் வீட்டு ஆண்களுக்கு எது செய்யத் தெரியும் என்று ஒரு பட்டியல் போடுங்கள் வடசேரி அண்ணா.

---

முத்துநகர்_85

தூத்துக்குடி. ஆர்டர் கொடுப்பதை ஏதோ பாவம் மாதிரி பேசுகிறீர்களே? எங்கள் ஊரில் மக்ரூனை யார் வீட்டில் செய்கிறார்கள்? முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, மெல்லிய சூட்டில் ராத்திரி முழுக்கக் காயவிட வேண்டும். அது பேக்கரி வேலை. தலைமுறை தலைமுறையாக வாங்கித்தான் சாப்பிடுகிறோம், அதனால் எங்கள் கிறிஸ்மஸ் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். செய்து வைத்த பலகாரம், தைக்கக் கொடுத்த துணி எல்லாம் போயிற்று. அந்த வருஷம் பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு குடும்பமாகக் கிறிஸ்மஸ் நடந்தது. ரவை உப்புமா. யாரும் முந்திரிக்கொத்து எங்கே என்று கேட்கவில்லை.

---

கரும்பலகை

வெள்ளத்தை வைத்துச் சட்டம் எழுத முடியுமா தம்பி? அன்றைக்கு உப்புமா போதும் என்பதால் எல்லா வருஷமும் உப்புமா போதும் என்று ஆகுமா?

---

முத்துநகர்_85

ஆகாதுதான் சார். ஆனால் உப்புமா தின்ற வருஷமும் கிறிஸ்மஸ் என்றுதான் பேர்.

---

ஸ்காபரோ_நிலா

யாழ்ப்பாணம் சொந்த ஊர், இப்போது டொராண்டோவில். நத்தார், அதாவது கிறிஸ்மஸ், என்றால் எங்களுக்கு நள்ளிரவுப் பூசை. இங்கே 24-ஆம் தேதி மதியம் ஒன்றரை மணிக்கு ஊரில் நடுச்சாமம். அம்மம்மா இருந்த காலத்தில், வேலைக்குப் போகாதவர்கள் எல்லாரும் டிவி முன்னால் கூடி, மரியன்னை பேராலயப் பூசையை நேரலையில் பார்ப்போம். அம்மம்மா முக்காடு போட்டுக்கொண்டு, பூசைக்குப் போன மாதிரியே நேராக இருப்பா. இரவு இங்கத்தைக் கோவிலில் இன்னொரு பூசை. ஒரு நாளில் இரண்டு தரம் பாலன் பிறப்பார் என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவினம்.

முந்திரிக்கொத்து என்று நீங்கள் சொல்லுவது எங்கட பயற்றம் பணியாரத்தின் தங்கச்சி போல இருக்கிறது. வறுத்த பயற்றம் மா, தேங்காய்ப்பூ, சர்க்கரை, மிளகு சீரகம் கொஞ்சம், உருட்டி மாவில் தோய்த்துப் பொரிப்பது. அதோடு கட்டாயம் இருப்பது நத்தார் கேக். ரவையில் செய்வது. முந்திரிப்பருப்பு, பூசணித் தோசி (சர்க்கரைப் பாகில் போட்ட பூசணித் துண்டு), இஞ்சிப்பாகு, சௌசௌ, பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் பொடியாக வெட்டி பிராண்டியில் ஊற வைக்க வேண்டும். வெட்டுகிற வேலைதான் வேலை. கத்தி பிடிக்கத் தெரிந்த எல்லாரையும் நவம்பரில் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு இருத்திவிடுவோம். வராதவருக்குக் கேக் பொதியில் ஒரு துண்டு குறையும். இது பகிடி இல்லை, பெரியம்மா உண்மையாகவே குறைப்பா.

25 மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு சட்டி. யார் எதைக் கொண்டுவருவது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் முதலாம் தேதியே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் ஐந்து வீட்டிலிருந்தும் கோழிக்கறி வரும். வந்திருக்கிறது.

---

தனிவழி

இந்த இழையில் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறேன். வேலை பங்கீடு எல்லாம் சரி, வீட்டில் பாதிப் பேர் கிறிஸ்மஸே வேண்டாம் என்றால்?

என் அண்ணன் குடும்பம் சில வருஷங்களாக ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறது. டிசம்பர் 25 வேதாகமத்தில் இல்லை, ஸ்டார், மரம், தாத்தா எல்லாம் புறஜாதிப் பழக்கம் என்கிறார்கள். ஸ்டார் கட்டிய வீட்டுக்கு அன்றைக்கு வரமாட்டார்கள். அப்பாவுக்கு அது பெரிய வலி. முதல் வருஷம் இரண்டு பக்கமும் வேத வசனம் எடுத்துச் சண்டை. ரோமில் 336-ஆம் ஆண்டிலேயே டிசம்பர் 25 கொண்டாடியதற்கு ஏடு இருக்கிறது என்று நான் ஒரு பக்கம், தேதி பழையதாக இருந்தால் வசனம் ஆகிவிடுமா என்று அண்ணன் ஒரு பக்கம். யாரும் ஜெயிக்கவில்லை, பிரியாணி ஆறிப்போனது.

---

வடசேரிக்காரன்

இப்போது எப்படி சமாளிக்கிறீர்கள்?

---

தனிவழி

மைனி, அதாவது அண்ணன் மனைவி, ஒரு வழி சொன்னார். 25 உங்களுக்கு, வருஷக் கடைசி இரவு எல்லாருக்கும் என்று. 31 இரவு ஆராதனை அவர்கள் சபையிலும் உண்டு, எங்கள் சபையிலும் உண்டு. அவரவர் சபையில் முடித்துவிட்டு, புத்தாண்டு காலையில் அப்பா வீட்டில் சேருகிறோம். வாக்குத்தத்த வசன அட்டையை ஆளாளுக்கு எடுத்து வாசிப்போம். அதில் யாருக்கும் தகராறு இல்லை. அப்பா அதற்குள் ஸ்டாரைக் கழற்றிவிடுவார். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை இருக்கவேண்டிய ஸ்டார், எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வாரத்துக்கு முன்பே இறங்குகிறது. பேரப்பிள்ளைகளுக்காக இறக்குகிறார். நான் அதை இன்னும் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால் வீடு அப்பாவுடையது.

---

கரும்பலகை

உங்கள் அப்பா பெரிய மனிதர்.

---

அலைவாய்க்கரை

குளச்சல் பக்கம், கடற்கரை ஊர். கத்தோலிக்கர்கள். பலகாரத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், நான் குடிலைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் அன்பியத்துக்கு (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்குக் குழு) ஒரு குடில், இளைஞர் மன்றத்துக்கு ஒரு குடில், வீட்டுக்கு ஒரு குடில். சிமென்ட் சாக்கைக் கஞ்சியில் முக்கிக் கசக்கி மலை செய்வார்கள். கேழ்வரகை ஒரு வாரத்துக்கு முன்பே தட்டில் விதைத்தால் 24-ஆம் தேதிக்குப் பச்சைப் புல்வெளி தயார். ஓடுகிற தண்ணீர், சுற்றுகிற காற்றாலை, எல்லாம் பையன்களின் மோட்டார் வேலை. ஆழ்கடலுக்குப் போன படகுகள் கிறிஸ்மஸுக்குக் கரை திரும்பிவிடும் என்பதால், மற்ற மாதங்களில் வீட்டில் பார்க்க முடியாத அப்பாக்கள் எல்லாரும் அந்த வாரம் ஊரில் இருப்பார்கள். நடுச்சாமத் திருப்பலியில் பாலன் சுரூபத்தைக் குடிலில் வைக்கும்வரை தொட்டில் காலியாக இருக்கும். வீட்டுக் குடிலிலும் அப்படியே. சின்னப் பிள்ளைகள் முன்கூட்டியே எடுத்து வைத்துவிடாமல் சுரூபத்தை அரிசிப் பானையில் ஒளித்து வைப்பார் என் அம்மா.

ஆனால் எங்கள் கிறிஸ்மஸ் 25 இரவோடு முடிந்துவிடும். வேறு ஊர்களில் 26-ஆம் தேதி சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள், படத்துக்குப் போவார்கள். இங்கே 2004 சுனாமிக்குப் பிறகு 26 காலை கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் போட்ட புதுத்துணியையே போட்டுக்கொண்டு பிள்ளைகள் கடற்கரையில் நின்றார்கள். கொட்டில்பாட்டில் போனவர்களில் எங்கள் சொந்தமும் உண்டு. வெளியூரில் வேலை செய்கிறவர்கள் 25-க்கு வர முடியாவிட்டாலும் 26-க்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத கட்டளை. 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு வந்த கிறிஸ்மஸுக்குத் தெருவில் ஒரு ஸ்டாரும் எரியவில்லை, கடலுக்குப் போனவர்கள் வருவார்களா என்று அப்போதும் காத்திருந்தோம்.

வடசேரி, உங்கள் வீட்டில் எல்லாரும் ஊர் வந்து சேருகிறார்கள். மற்றதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

---

பாளை_மைனி

இதற்கு மேல் சண்டை போட மனம் வரவில்லை. ஆனால் வடசேரித் தம்பி, மனைவியிடம் கேட்டீர்களா?

---

வடசேரிக்காரன்

கேட்டேன். "எனக்கு முந்திரிக்கொத்து செய்யப் பிடிக்கும், அச்சுமுறுக்கு பிடிக்காது, 24 ராத்திரி மசாலா அரைக்கிறது சுத்தமாகப் பிடிக்காது. இதுவரைக்கும் யாரும் கேட்கலை" என்றாள். அவள் வீடு மார்த்தாண்டம். ஒரு வருஷம் அவள் அம்மா வீட்டில் கிறிஸ்மஸ் வைக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறதாம். அது அடுத்த இழைக்கான விஷயம்.

நேற்று மூன்று பேரும் போனில் பேசினோம். முடிவானது இது. கைமுறுக்கும் அதிரசமும் ஊரிலேயே வீட்டில் செய்து விற்கும் ஓர் அக்காவிடம் ஆர்டர், பணம் தம்பி. கேக் தங்கச்சி திருவனந்தபுரத்திலிருந்து வாங்கி வருவாள். முந்திரிக்கொத்து மட்டும் வீட்டில், 23-ஆம் தேதி, எல்லாரும் உட்கார்ந்து. பிரியாணி நானும் தம்பியும். மசாலாவை 22-ஆம் தேதியே மில்லில் கொடுத்து அரைத்துவிடலாம். பக்கத்து வீட்டுத் தட்டுகளின் பட்டியலை அம்மா குறைக்க மாட்டேன் என்கிறார். தீபாவளிக்கு யார் வீட்டிலிருந்தெல்லாம் வந்தது, பெருநாளுக்கு யார் பிரியாணி கொடுத்துவிட்டார்கள் என்று எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதில் கை வைக்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது, "உங்களுக்குப் பதம் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது. அளவு யாராவது சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்டால் எழுந்து வந்து தானே செய்துவிடுவார்.

---

கரும்பலகை

பேரப்பிள்ளைகளையும் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம், எண்ணெய் தெறிக்கும். உருண்டை பிடிக்க வையுங்கள். இவ்வளவு பேசிய பிறகு சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது: இந்த வருஷம் நான் மசாலா அரைக்கப்போகிறேன். மிக்ஸியில்தான்.

---

பாளை_மைனி

சார், 24 ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போட்டோ போடுங்கள், அப்போது நம்புகிறேன்.

வடசேரித் தம்பிக்கு: ஒரு கிலோ சிறுபயறுக்கு முக்கால் கிலோ வெல்லம், இனிப்பு தூக்கலாக வேண்டுமென்றால் ஒரு கிலோ. பெரிய தேங்காய் ஒன்று, எள் நூறு கிராம், ஏலக்காய், கொஞ்சம் சுக்கு. பயறைச் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறவைத்து, மில்லில் கொஞ்சம் நறநறவென்று திரிக்கச் சொல்லுங்கள். மாவு மாதிரி அரைத்துவிட்டால் தொண்டையை அடைக்கும். தேங்காய்த் துருவலை ஈரம் போக சிவக்க வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒரு வாரத்தில் ஊசிவிடும். எள்ளைத் தனியாக வறுத்துக்கொள்ளுங்கள்.

வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கம்பிப் பதம் வந்ததும் இறக்குங்கள். பதம் முற்றினால் உருண்டை கல்லாகிவிடும், இளகினால் எண்ணெயில் பிரிந்துவிடும். பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்ட வேண்டும். ஆறினால் பிடிக்க வராது. இங்கேதான் ஆள் நிறைய வேண்டும். நெல்லிக்காய் அளவு போதும். உருட்டியதை ஒரு ராத்திரி அப்படியே காயவிடுங்கள். அதனால் 23-ஆம் தேதி உட்கார்ந்தால் பொரிப்பது 24 காலையில் போய் நிற்கும், உட்காரும் தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளுங்கள்.

மேல்மாவுக்கு பச்சரிசி மாவும் மைதாவும் கால் கால் கிலோ, உப்பு, மஞ்சள்தூள், தோசை மாவுப் பக்குவத்தில். மூன்று மூன்று உருண்டையாகத் தோய்த்துச் சேர்த்துப் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக வரும். தேங்காய் எண்ணெய்தான் உங்கள் ஊர்ப் பழக்கம் என்று நினைக்கிறேன். நன்றாக ஆறிய பிறகுதான் டின்னை மூட வேண்டும்.

---

மதுரை_மருமகள்

அக்கா, அப்படியே அச்சுமுறுக்குக்கும் சொல்லிவிடுங்கள். என் அச்சிலிருந்து மாவு இறங்கவே மாட்டேன் என்கிறது.

---

பாளை_மைனி

புது அச்சா? ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறட்டும். மறுநாள் எண்ணெய் காயும்போதே அச்சையும் உள்ளே வைத்துச் சூடாக்கு. மாவில் முக்கும்போது முக்கால் பாகம்தான் முங்க வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் எந்த அச்சும் விடாது. முதல் நாலைந்து எப்படியும் உடையும், அதைப் பொரிக்கிறவர்கள் தின்றுவிட வேண்டும், கணக்கில் வராது.